கயிறு பிடித்து இறங்கும் ஊர்

செயின்ட் ஹெலினா தீவின் முன்னால் நங்கூரம் போடும் உல்லாசக் கப்பலின் பயணிகளுக்குக் கரை ஏறுவதே முதல் வேலை, அதுவே முதல் சவால். கப்பலிலிருந்து படகில் இறங்கி ஜேம்ஸ்டவுன் கரையிலிருக்கும் கற்படிக்கட்டுக்குப் போக வேண்டும். படிக்கு மேலே இரும்புச் சட்டத்திலிருந்து தடித்த கயிறுகள் தொங்குகின்றன. தெற்கு அட்லாண்டிக் கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் படகு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அலை படகைத் தூக்கும் கணத்தில் கயிற்றைப் பற்றிக்கொண்டு படியில் காலை வைத்துவிட வேண்டும். ஒரு நொடி தயங்கினால் படகு கீழே போய்விடும், படி இடுப்பு உயரத்தில் நிற்கும். அப்போது அடுத்த அலைக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. படியில் நிற்கும் தீவுக்காரர்கள் கையை நீட்டித் தயாராக இருக்கிறார்கள். நடுங்கும் முதியவரையும் துள்ளும் சிறுவனையும் ஒரே நிதானத்தோடு பிடித்து மேலே விடுகிறார்கள்.

தீவின் பரப்பு சுமார் 122 சதுர கிலோமீட்டர். மிக அருகிலுள்ள ஆப்பிரிக்கக் கரை கிழக்கே ஏறத்தாழ 1,870 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பிரேசில் அதைவிடத் தூரம். சுற்றிலும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் கருத்த எரிமலைப் பாறை. அந்தப் பாறைக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு பெரிய தெருவும் சில சந்துகளுமாக ஜேம்ஸ்டவுன் நீண்டு கிடக்கிறது. தீவு முழுவதிலும் மக்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். இவ்வளவு சிறிய இடத்தின் பெயர் உலக வரலாற்றுப் புத்தகங்களில் அடிக்கடி வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: கப்பல்கள் இங்கே நின்று போயின. சில கப்பல்கள் ஒரு பகல் நின்றன, சில பல வாரங்கள் நின்றன. இந்த ஊருக்கென்று ஒரு குலத்தொழில் உண்டென்றால், கரையிறங்கியவரைக் கவனித்து அனுப்பிவைப்பதுதான் அது.

கப்பல்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது காற்று. பாய்மரக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் செயின்ட் ஹெலினாவுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. அட்லாண்டிக்கின் தென்பாதியில் தென்கிழக்கிலிருந்து வருடம் முழுவதும் வீசும் காற்று எதிர்க்காற்றாக இருந்ததால், அவை பிரேசில் பக்கமாகச் சுற்றி வளைத்துத்தான் நன்னம்பிக்கை முனையை அடைந்தன. ஊர் திரும்பும்போது கதை தலைகீழ். நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் அதே காற்று பின்னாலிருந்து தள்ளி, கப்பலை நேராக இந்தத் தீவின் வாசலில் கொண்டுவந்து விடும். ஆகவே செயின்ட் ஹெலினாவின் விருந்தாளிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வீடு திரும்புபவர்கள். களைத்தவர்கள், நோயாளிகள், பணம் சேர்த்தவர்கள், சேர்த்ததை இழந்தவர்கள் எல்லோருக்கும் மாதக்கணக்கில் தண்ணீரையே பார்த்த பிறகு கண்ணில் படும் மண் இதுதான்.

1502இல் போர்த்துகீசிய மாலுமி ஜுவாவ் ட நோவா தீவைக் கண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. போர்த்துகீசியர்கள் இங்கே ஊர் அமைக்கவில்லை. எலுமிச்சையும் பிற பழமரங்களும் நட்டார்கள், ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள், நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்கர்வி கண்டு ஈறு அழுகிப் படுத்துவிட்ட மாலுமிகளைக் கரையில் இறக்கிவிட்டு, பிழைத்திருந்தால் அடுத்த வருடத்துக் கப்பல் ஏற்றிக்கொள்ளட்டும் என்று புறப்பட்டுவிடுவார்கள். புதுப் பழமும் கீரையும் தின்று பலர் தேறினார்கள்.

அந்தக் காலத்துத் தீவில் நிரந்தரமாகக் குடியிருந்த முதல் மனிதரின் கதை கோவாவில் தொடங்குகிறது. பெர்னாவ் லோப்பஸ் என்ற போர்த்துகீசியப் படைவீரர் கோவாவில் தன் தரப்பை விட்டு பீஜப்பூர் சுல்தானின் படைப்பக்கம் போனார். 1512இல் பிடிபட்டார். உயிரை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்த போர்த்துகீசிய ஆளுநர் அல்புகர்க், அவருடைய மூக்கையும் காதுகளையும் வலக்கையையும் இடக்கைப் பெருவிரலையும் வெட்டச் செய்தார். அல்புகர்க் இறந்த பிறகு லோப்பஸ் ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். தண்ணீர் பிடிக்கக் கப்பல் செயின்ட் ஹெலினாவில் நின்ற நாளில் இறங்கிக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார். அந்த முகத்தோடு மனைவி மக்கள் முன்னால் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கப்பல்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டு உணவும் துணியும் வைத்துவிட்டுப் போனார்கள். பின்னர் வந்த ஒரு கப்பலிலிருந்து கடலில் விழுந்த சேவலைக் காப்பாற்றி அவர் வளர்த்ததாகவும், அது நாய்போல அவர் பின்னாலேயே திரிந்ததாகவும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு மன்னர் அழைத்து லிஸ்பனுக்கும், பாவமன்னிப்புக்காக ரோமுக்கும் போனார். போப்பிடம் அவர் கேட்டது தீவுக்கே திரும்பிப் போக அனுமதி. அப்படியே திரும்பிவந்து, சாகும்வரை இங்கேயே இருந்தார். மற்றவர்கள் ஒரு நாள் இளைப்பாறிப் போன கரையில் அவர் ஆயுளைக் கழித்தார்.

ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் தீவில் கோட்டை கட்டிக் குடியேற்றம் தொடங்கியது. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பி அப்போது இருபது வருடம்கூட ஆகவில்லை. இரண்டு இடங்களுக்கும் ஒரே முதலாளி, ஒரே கணக்குப் புத்தகம், ஒரே கப்பல்கள். துறைமுகமில்லாத குறையிலும் இரண்டும் ஒன்றுதான். சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரையில் கப்பல்கள் தூரத்தில் நின்றன; ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில்தான் மக்கள் அலையைக் கடந்து போய் ஏறினார்கள். அப்படி நனைந்துகொண்டே சென்னையில் கப்பலேறிய ஒரு கம்பெனி அதிகாரி, சில மாதம் கழித்து ஜேம்ஸ்டவுன் படியில் மறுபடியும் நனைந்துகொண்டே இறங்கியிருப்பார்.

கப்பல் வந்த நாளில் ஜேம்ஸ்டவுனின் வீடுகளெல்லாம் விடுதிகளாகிவிடும். தனியாக விடுதி என்று அதிகம் இல்லாததால் குடும்பங்களே பயணிகளை வாடகைக்கு வைத்துச் சோறு போட்டன. மலைமேல் தோட்டக்காரர்கள் மாட்டிறைச்சி, கிழங்கு, கீரை, கோழி என்று கழுதைகளில் ஏற்றி இறக்கினார்கள். போர்க்காலங்களில் இந்தியாவிலிருந்து வரும் கப்பல்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து, காவலுக்குக் கடற்படைக் கப்பல் வரும்வரை இங்கேயே கூட்டமாகக் காத்துக்கிடக்கும். அப்போது ஒரு நாள் விருந்து வாரக்கணக்கில் நீளும். விருந்தும் நடனமுமாக ஊர் நிறைந்திருக்கும். அவை போன பிறகு அடுத்த கப்பல் அணி வரும்வரை மலைக்கும் கடலுக்கும் நடுவே அதே நாலு முகங்கள்தான்.

இந்த விருந்தோம்பலின் அடியில் யார் உழைப்பு கிடந்தது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. தண்ணீர்ப் பீப்பாய்களை உருட்டியது, கழுதை ஓட்டியது, சமைத்தது, படகு வலித்தது எல்லாம் பெரும்பாலும் அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். 1792இல் புதிதாக அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. இருந்தவர்களுக்கு விடுதலை கிடைக்க இன்னும் நாற்பது வருடம் பிடித்தது. 1810 முதல் சீனக் கூலியாட்கள் வந்தார்கள். அவர்கள் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஜேம்ஸ்டவுனில் சைனா லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. இன்று தங்களை 'செயிண்ட்ஸ்' என்று அழைத்துக்கொள்ளும் தீவு மக்களின் முகங்களில் இந்த எல்லா நாடுகளும் கலந்திருக்கின்றன.

சீனத் தொழிலாளிகள் வரத் தொடங்கியபோது ஆளுநராக இருந்தவர் அலெக்சாண்டர் பீட்சன். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் படையோடு நில அளவையாளராகப் போனவர்; அந்தப் போரைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். கர்நாடக மண்ணை அளந்தவர் செயின்ட் ஹெலினாவில் கண்டது மொட்டைப் பாறைகளை. போர்த்துகீசியர் விட்டுப்போன ஆடுகள் பெருகி, மரக்கன்று தலைதூக்கும்போதே மேய்ந்துவிட்டிருந்தன. சாராயம் காய்ச்ச விறகுக்காக மரம் வெட்டியதும் சேர்ந்து, 'பெருங்காடு' என்று பெயர் பெற்ற இடத்தில் காடே இல்லாமல் போயிருந்தது. பீட்சன் ஆடுகளுக்கு எதிராகவும் குடிக்கு எதிராகவும் ஒரே நேரத்தில் கச்சை கட்டினார். சாராயத்தைக் கட்டுப்படுத்தியதற்காக 1811 டிசம்பரில் காவல்படையினர் சிலர் அவருக்கு எதிராகக் கலகமே செய்தார்கள். அதை அடக்கிவிட்டு அவர் விவசாயப் பரிசோதனைகளைத் தொடர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஊர் திரும்பும் வழியில் இங்கே தங்கியவர்களில் ஒருவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராகத் தொடங்கி, சாமர்லகோட்டையில் தோட்டம் போட்டு, கல்கத்தாத் தாவரவியல் பூங்காவை வளர்த்தவர். உடல் தளர்ந்து 1813இல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். இளைப்பாற வந்த இடத்திலும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தீவின் செடிகொடிகளைப் பட்டியலிட்டார்; அது 1816இல் பீட்சனின் நூலோடு சேர்ந்து அச்சானது. 1836 ஜூலையில் பீகிள் கப்பலில் வந்து ஆறு நாள் தங்கிய சார்லஸ் டார்வின், தீவின் காடு ஆடுகளால் அழிந்த கதையை எழுதும்போது பீட்சனின் புத்தகத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார். இப்படி வந்து போனவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இல்லாவிட்டால், அந்தத் தீவில் என்னென்ன மரங்கள் நின்றன என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் கேட்பது ராக்ஸ்பரோவை அல்ல, நெப்போலியனை.

1815 அக்டோபர் 17ஆம் தேதி, இருட்டத் தொடங்கிய பிறகு நெப்போலியன் இதே கரையில் இறங்கினார். இருட்டில் இறங்கினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்காது என்று நினைத்தார். ஊரே விளக்குகளோடு காத்திருந்தது. முதல் இரவு ஊருக்குள் ஒரு வீட்டில் கழிந்தது. பிறகு ஏழு வாரம் 'பிரையர்ஸ்' என்ற தோட்ட வீட்டில் இருந்துவிட்டு, டிசம்பரில் லாங்வுட் மேட்டிலிருந்த வீட்டுக்குப் போனார். 1821 மே 5ஆம் தேதி இறந்தது அங்கேதான். அவரை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன், பத்து வருடத்துக்கு முன்பே இந்தத் தீவைப் பார்த்தவர். அப்போது அவர் சர் ஆர்தர் வெல்லஸ்லி. ஸ்ரீரங்கப்பட்டண, அசாயே போர்களை முடித்துக்கொண்டு, 1805 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஊர் திரும்பும்போது இங்கே இறங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார். 1816இல் பாரிஸிலிருந்து தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நெப்போலியனின் அரண்மனையில் தான் வசதியாக இருப்பதாகவும், தான் தங்கிய வீடு நெப்போலியனுக்குப் பிடித்திருக்கும் என்று நம்புவதாகவும் எழுதினார்.

நெப்போலியன் சிறையிருந்த ஆறு வருடமும் தீவைச் சுற்றிக் கடற்படைக் கப்பல்கள் ரோந்து வந்தன. கம்பெனிக் கப்பல்களைத் தவிர மற்றவை நெருங்குவதற்கே கட்டுப்பாடு. ஆனாலும் இந்தியாவிலிருந்து வந்த பயணிகள் ஒவ்வொருவருக்கும் அந்த மனிதரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்ற துடிப்பு. 1817இல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கூட வந்த கறுப்பினப் பணியாளர் அவனைப் பாறையும் மேடுமாக வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போய், தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். அவர்தான் போனபார்ட் என்றும், தினமும் மூன்று ஆடுகளையும் கைக்கு அகப்படும் குழந்தைகளையும் தின்பார் என்றும் சொன்னார். பையன் வளர்ந்து நாவலாசிரியர் தாக்கரே ஆனான். நாற்பது வருடம் கழித்தும் அந்த நாளை மறக்காமல் 'நான்கு ஜார்ஜ்கள்' சொற்பொழிவில் சொன்னான். கரையிறங்கிய ஒரு பகலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடத் துல்லியமான காட்சி வேறொன்று கிடைப்பது கடினம். உலகை ஆட்டிவைத்தவர் ஒரு குழந்தைக்குப் பூச்சாண்டியாகத் தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறார்.

இன்று லாங்வுட் வீட்டுக்குள் போகிறவர்கள் பில்லியர்ட்ஸ் மேசையையும், இறந்த அறையையும் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானித்தால் சன்னல் கதவின் மரப்பலகையில் இரண்டு சிறு துளைகள் தென்படும். தான் வெளியே தெரியாமல், காவலுக்கு நிற்கும் வீரர்களைத் தொலைநோக்கியால் பார்ப்பதற்காக நெப்போலியன் துளைக்கச் சொன்னவை. தீவிலிருக்கும் கல்லறையைவிட அந்தத் துளைகள் அந்த வாழ்க்கையை நன்றாகச் சொல்கின்றன. கல்லறையோ பெயரில்லாதது. என்ன பெயர் பொறிப்பது என்பதில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் உடன்பாடு வராமல் கல்லை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள். 1840இல் உடலைத் தோண்டியெடுத்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1858இல் வீட்டையும் கல்லறை நிலத்தையும் பிரான்ஸ் வாங்கியது. இன்றும் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறக்கிறது.

1834இல் தீவு கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசின் கைக்கு மாறியது. கம்பெனிச் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல தெருவுக்கு வந்தன. ஆனாலும் கப்பல்கள் குறையவில்லை. திமிங்கிலம் பிடிக்கும் அமெரிக்கக் கப்பல்களும் சேர்ந்துகொண்டதால் 1855இல் மட்டும் 1,100 கப்பல்கள் இங்கே நின்று போயின. நாளுக்கு மூன்று கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருடங்களில் இன்னொரு வகைக் கப்பலும் வந்தது. அதில் வந்தவர்களுக்குக் கரையிறங்குவது உல்லாசமில்லை. 1840 முதல், அட்லாண்டிக்கில் அடிமை வியாபாரக் கப்பல்களைப் பிடித்த பிரிட்டிஷ் கடற்படை, அவற்றில் அடைபட்டிருந்த ஆப்பிரிக்கர்களை இந்தத் தீவில் இறக்கியது. மொத்தம் 25,000 பேருக்கும் மேல். ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த வறண்ட பள்ளத்தாக்கான ரூபர்ட்ஸில் கூடாரமும் கொட்டகையுமாக முகாம் போட்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் நெருக்கி அடைத்து வைக்கப்பட்டவர்கள் அம்மையும் வயிற்றுக்கடுப்புமாக வந்தார்கள். சுமார் 8,000 பேர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே புதைக்கப்பட்டார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கேப் காலனிக்கும் கூலிகளாக அனுப்பப்பட்டார்கள். சிலர் தீவிலேயே தங்கினார்கள். பிடிபட்ட அடிமைக் கப்பல்கள் உடைப்பதற்காக ஜேம்ஸ் விரிகுடாவில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது, 1846 பிப்ரவரியில் காற்றே இல்லாத நாளில் தொலைதூரப் புயலின் பேரலைகள் வந்து பதின்மூன்று கப்பல்களைச் சிதறடித்தன. படிக்கட்டில் கயிறு ஏன் தொங்குகிறது என்று கேட்பவருக்கு அந்த அலைகளே பதில்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இந்தியாவுக்குப் போகும் வழி வேறாகிவிட்டது. நீராவிக் கப்பலுக்குக் காற்றின் தயவும் தேவைப்படவில்லை. 1889இல் தீவில் நின்ற கப்பல்கள் 288. ஒரு தலைமுறைக்குள் ஊரின் பிழைப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. இளைஞர்கள் கேப்டவுனுக்கு வேலை தேடிப் போனார்கள். மலைமேல் காய்கறி விளைவித்தவர்களுக்கு வாங்க ஆளில்லை.

வேறு விருந்தாளி இல்லாத அந்தக் காலத்தில் பிரிட்டன் தீவுக்குக் கைதிகளை அனுப்பியது. 1890இல் ஜூலு அரசர் தினுஜூலு நாடுகடத்தப்பட்டு வந்து ஏழு வருடம் இருந்தார். 1900 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிடிபட்ட தளபதி குரோன்யேவும் போயர் கைதிகளும் வந்து இறங்கினார்கள். போர் முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஆறாயிரம் ஆனது. கடைக்காரர்களுக்கு அது நல்ல காலம். பூட்டிய கடைகள் திறந்தன. இதை எண்ணிப் பார்க்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது: ஒரு ஊரின் அடுப்பு எரிய இன்னொரு நாட்டின் மக்கள் சிறைப்பட வேண்டியிருந்தது.

இடையில் 1898இல் வந்து போன ஒருவரை மட்டும் தீவு அன்போடு நினைத்துக்கொள்ளலாம். தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மாலுமி ஜோஷுவா ஸ்லோக்கம், தன் 'ஸ்ப்ரே' படகில் வந்து இறங்கினார். அவரை வரவேற்று உபசரித்த ஆளுநர் ஸ்டெர்ண்டேல், இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய இயற்கை ஆர்வலர். புறப்படும்போது தீவில் இருந்த ஒரு அமெரிக்கர் வழித்துணைக்கு ஆடு ஒன்றைக் கொடுத்தார். தீவின் காட்டைத் தின்ற ஆட்டு இனத்துக்குப் படகு எம்மாத்திரம்? கயிற்றைக் கடித்தது, மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையும் தின்று தீர்த்தது. அசென்ஷன் தீவில் அதை இறக்கிவிட்டுத்தான் ஸ்லோக்கம் நிம்மதியானார்.

1907 முதல் நியூசிலாந்து நார்ச்செடியிலிருந்து கயிறு திரிக்கும் ஆலைகள் தீவுக்குப் பிழைப்புத் தந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் துறை கடிதக் கட்டுகளைக் கட்ட அந்த நாரில் திரித்த கயிற்றைத்தான் வாங்கியது. 1960களின் நடுவில் அஞ்சல் துறை செயற்கை நூலுக்கு மாறியது. 1966இல் கடைசி ஆலையும் மூடப்பட்டது. லண்டனில் ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவால் ஒரு தீவின் ஒரே தொழில் நின்றுபோயிற்று.

அதன்பின் தீவின் உயிர்மூச்சு ஒரு தபால் கப்பல். யூனியன் காசில் கம்பெனியின் கப்பல்கள் 1977இல் நின்ற பிறகு, 'செயின்ட் ஹெலினா' என்றே பெயர் வைத்த கப்பல் ஓடியது. 1990இல் அதே பெயரில் புதிய கப்பல். கேப்டவுனிலிருந்து ஐந்து நாள் பயணம். ஆப்பிளும் கார் டயரும் மருந்தும், படிக்கப் போன பிள்ளைகளும், அசென்ஷனிலும் ஃபாக்லாந்திலும் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வரும் அப்பாக்களும் அதில்தான் வந்தார்கள். கப்பல் வந்த நாளில் கரையில் நின்றவர்கள் பயணிகளைப் பார்க்க நிற்கவில்லை. தங்கள் வீட்டு ஆளைத் தேடி நின்றார்கள். 2016இல் திறப்பதாக இருந்த விமான நிலையம், ஓடுபாதையில் திடீரெனத் திசை மாறும் காற்றால் தள்ளிப்போய், 2017 அக்டோபர் 14 அன்று வழக்கமான சேவையின் முதல் பயணிகள் விமானத்தை வரவேற்றது. 28 கோடியே 50 லட்சம் பவுண்டு செலவு. 2018 பிப்ரவரியில் தபால் கப்பல் கடைசியாக நங்கூரத்தை எடுத்தபோது ஊர் திரண்டு வழியனுப்பியது.

விமானம் வந்தாலும் நூற்றுக்கணக்கான பேரை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்குவது உல்லாசக் கப்பல்தான். பெரும்பாலும் தெற்கத்திக் கோடையை ஒட்டிய மாதங்களில், தென்னாப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் இவை. கப்பல் வரும் நாளில் வாகனம் வைத்திருப்பவர்கள் வண்டியோடு கரைக்கு வருகிறார்கள். 1929ஆம் வருடத்து செவர்லே திறந்த வண்டி ஒன்றுகூடச் சவாரி போகிறது. கடைகளில் மிளகாய் போட்ட மீன் கேக் பொரிகிறது. அரிசியும் இறைச்சியும் மசாலாத் தூளும் ஒரே சட்டியில் வேகும் 'ப்ளோ' பரிமாறப்படுகிறது. 1733இல் ஏமனின் மோக்கா துறையிலிருந்து கம்பெனிக் கப்பலில் வந்த விதையின் வழிவந்த காப்பிச் செடிகள் இன்றும் காய்க்கின்றன. அந்தக் காப்பியையும் வாங்கிக் குடிக்கலாம். முழங்கால் பலம் உள்ளவர்கள் ஜேக்கப் ஏணியில் ஏறுகிறார்கள். 699 படிகள். 1829இல் மலைமேல் இருந்த கோட்டைக்குச் சரக்கு ஏற்றி இறக்கத் தண்டவாளத்தோடு போட்ட சரிவுப்பாதை. 1871இல் ராணுவப் பொறியாளர்கள் அதைப் படிகளாகத் திரும்பக் கட்டினார்கள். இரு கைப்பிடிக் கம்பிகளிலும் தோளையும் கணுக்காலையும் கிடத்தி ஊர்ப் பையன்கள் சர்ரென்று சறுக்கி இறங்குவது பல தலைமுறைப் பழக்கம். ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் ஜோனத்தன் என்ற ராட்சத ஆமை மேய்கிறது. 1882இல் செஷல்ஸ் தீவிலிருந்து வந்தபோதே அது முழு வளர்ச்சி அடைந்திருந்ததால், பிறந்தது 1832 வாக்கில் என்று கணித்து 2022இல் அதன் 190ஆம் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள்.

கடல் கொந்தளித்தால் இதில் ஒன்றும் நடக்காது. படியில் அலை அடிப்பதைப் பார்த்துவிட்டுக் கேப்டன் முடியாது என்று சொன்னால், பயணிகள் தளத்தில் நின்று மலையைப் படம் பிடித்துக்கொண்டு அடுத்த துறைக்குப் போக வேண்டியதுதான். விடியலிலிருந்து மீனை மசித்து உருண்டை பிடித்துவைத்த பெண்களுக்கு அது உண்மையான நஷ்டம். ஐந்நூறு வருடமாக இந்த ஊருக்கு அந்த ஒரு முடிவின்மீது எந்த அதிகாரமும் இருந்ததில்லை.

ஒரு நாள் விருந்தாளிக்குத் தீவு காட்டும் வரலாறு பெரும்பாலும் லாங்வுட்டோடு முடிந்துவிடுகிறது, அது போதாது. விமான நிலையத்துக்குச் சாலை போட 2008இல் ரூபர்ட்ஸில் தோண்டியபோது 325 பேரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பெரும்பாலோர் சிறுவர்கள், இளவயதினர். சிலரிடம் ஊரிலிருந்து அணிந்து வந்த பாசிமணிகள் இருந்தன. சிலருடைய முன்பற்கள் தங்கள் இனத்து வழக்கப்படி அராவப்பட்டிருந்தன. பல வருடம் ஜேம்ஸ்டவுனில் பெட்டிகளில் இருந்த அந்த எலும்புகளை 2022இல்தான் தீவு மக்கள் ரூபர்ட்ஸ் மண்ணிலேயே திரும்பப் புதைத்தார்கள். அந்த வேலைக்காகக் குரல் கொடுத்தவர்கள் தீவின் உள்ளேயே இருந்தார்கள். ஏனென்றால் அது அவர்களுடைய முன்னோர்களின் கதை. கரையில் ஆறேழு மணி நேரம் கிடைக்கும் பயணி ஏணியும் ஏறலாம், லாங்வுட்டும் போகலாம், காப்பியும் குடிக்கலாம். ரூபர்ட்ஸ் ஜேம்ஸ்டவுனிலிருந்து ஒரு முகட்டைத் தாண்டினால் வந்துவிடும்; வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போகும் வழியிலேயே அங்கே நிறுத்துவார்.